சேனைக்குக் கொண்டுபோன தேன்

என் பேத்தி பிறந்த மூன்றாம் நாள் அவள் நாக்கில் தொட்டு வைத்த தேன் என் தேனீப் பெட்டியில் எடுத்தது. தொட்டு வைத்த விரல் என்னுடையது அல்ல. இந்த இரண்டைப் பற்றியும் எங்கள் சொந்தத்தில் ஆளுக்கு ஒன்று பேசியாகிவிட்டது. நான் மட்டும் பேசவில்லை. கடைக்காரர் மீதிச் சில்லறையைக் குறைத்துக் கொடுத்தாலும் அப்படியே வாங்கிக்கொண்டு வந்துவிடுகிற ஆள் நான். ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. எழுதும்போது எதிரில் யாரும் நின்று என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

திண்டிவனத்துக்குக் கிழக்கே ஒரு மாந்தோப்பில் தண்ணீர் கட்டுவதும் காவல் இருப்பதும் என் வேலை. தோப்புக்காரர் சென்னையில் இருக்கிறார். தேனீ வைத்தால் காய்ப்பு கூடும் என்று அவர்தான் என்னை வேளாண்மை அலுவலகத்தில் மூன்று நாள் தேனீப் பயிற்சிக்கு அனுப்பினார். நான்கு பெட்டியில் தொடங்கியது இப்போது பன்னிரண்டு பெட்டி. ஒவ்வொரு பெட்டியும் ஒற்றைக்கால் ஸ்டாண்டில் நிற்கும். எறும்பு ஏறாமல் இருக்க, காலைச் சுற்றித் தண்ணீர்க் கிண்ணம். அந்தக் கிண்ணங்களில் தண்ணீர் வற்றாமல் பார்ப்பதுதான் காலையில் என் முதல் வேலை. மனிதர்களிடம் பேசாமல் செய்யக்கூடிய வேலை என்பதால் எனக்குப் பிடித்துப்போனது.

பூவில் இருப்பது தேன் என்று பலரும் நினைக்கிறார்கள். பூவில் இருப்பது வெறும் இனிப்புத் தண்ணீர். வெளியே போகிற தேனீ அதை உறிஞ்சி, தன் பசிக்கான வயிற்றில் விடாமல், அதற்கென்றே உள்ள இன்னொரு பையில் சுமந்து வரும். பெட்டிக்குள் இருக்கிற தேனீ ஒன்று நாக்கை நீட்டி, வாயோடு வாய் வைத்து அதை வாங்கிக்கொள்ளும். அந்தத் துளியை வெளியே தள்ளும், உள்ளே இழுக்கும், மறுபடி தள்ளும். பிறகு இன்னொன்றின் வாய்க்குக் கொடுக்கும். கடைசியில் அடையின் அறையில் ஊற்றி, அதற்கு மேல் நின்று இறக்கையால் விசிறிக்கொண்டே இருக்கும். தண்ணீர் வற்றிக் கெட்டியானதும் மெழுகால் மூடி போட்டுவிடும். பொழுது சாய்ந்த பிறகு பெட்டியில் காதை வைத்தால் ஓயாமல் ஒரு இரைச்சல் கேட்கும். விசிறுகிற சத்தம் அது. ஒரு சொட்டுத் தேன் எத்தனை வாய் மாறி வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. யார் வாய் பட்டது என்று பெட்டிக்குள் யாரும் கேட்பதும் இல்லை.

எங்கள் பக்கம் கேட்பார்கள். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாக இனிப்பு தொட்டு வைப்பதற்குச் சேனை வைப்பது என்று பெயர். சிலர் சர்க்கரைத் தண்ணீர் வைப்பார்கள், சிலர் தேன். யார் விரலால் தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. அதனால் சொந்தத்திலேயே கெட்டிக்காரராகப் பார்த்துத் தேடுவார்கள்.

என் ஒரே மகளை விழுப்புரத்தில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்கு பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை. நல்ல பையன். வீட்டில் பேச்செல்லாம் அவன் அம்மா, எங்கள் சம்பந்தியம்மா. மகளுக்குத் தலைப்பிரசவம் முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் ஆனது. பங்குனி மாதம். தோப்பு வேலியில் வேம்பு பூத்துக் கொட்டிக்கொண்டிருந்த நேரம். அந்தச் சமயத்தில் எடுக்கிற தேன் வாயில் வைத்ததும் இனிக்கும், பிறகு நாக்கின் அடியில் இலேசாகக் கசக்கும். பெண் குழந்தை என்று போன் வந்த அன்று ஒரு பெட்டியின் மேல் அறையைத் திறந்து, மூடி போட்ட அடையாகப் பார்த்து எடுத்து, தேன் பிரிக்கிற டிரம்மில் போட்டுச் சுற்றி, வடிகட்டி, சின்ன பாட்டிலில் நிரப்பினேன்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது என்று பயிற்சியில் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். பெரியவர்களை ஒன்றும் செய்யாத கிருமி ஒன்று தேனில் இருக்கலாம், பச்சைக் குழந்தையின் குடல் அதைத் தாங்காது, கை கால் துவண்டுபோகும், மூச்சே நின்றுபோகலாம் என்று டாக்டர் ஒருவர் வந்து விளக்கினார். அதை லேபிளில் போடுங்கள் என்றார். நானும் போட்டுத்தான் விற்கிறேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பாட்டிலுக்கு மட்டும் நான் லேபிள் ஒட்டவில்லை.

ஏன் கொண்டுபோனேன்? பயிற்சியில் கேட்ட இன்னொரு விஷயம் என் மனதில் தங்கியிருந்தது. ராணித் தேனீக்கு என்று தனி முட்டை கிடையாது. வேலைக்காரத் தேனீ வருகிற அதே முட்டைதான். முதல் மூன்று நாள் எல்லாப் புழுக்களுக்கும் தேனீக்கள் சுரக்கிற ஒரே பால். அதற்குப் பிறகு யாருக்கு என்ன ஊட்டப்படுகிறது என்பதில்தான் ஒன்று ராணியாகிறது, மற்றவை கூலியாகின்றன. சேனையிலும் ஏதோ இருக்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். தேன் என்னுடையது என்பதால், கூட்டத்தில் யாராவது ஒருவர், நீயே தொட்டு வை என்று சொல்லிவிடுவார்கள் என்றும் நினைத்தேன். என் குணம் வருவது ஒரு பிள்ளைக்கு நல்லதா என்று நான் யோசிக்கவில்லை. ஒரு தடவையாவது என்னைக் கூப்பிட வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான்.

பார்வையாளர் நேரத்தில் வார்டுக்குப் போனோம். நான், என் மனைவி, சம்பந்தியம்மா. பின்னாலேயே என் மச்சான் வந்தார். மனைவிக்கு அண்ணன். திண்டிவனத்தில் மைக் செட் வைத்திருக்கிறார். இங்கிருந்து அனந்தபுரம் வரை எந்தக் கல்யாணம், எந்தத் திருவிழா என்றாலும் அவருடைய ஸ்பீக்கர் பெட்டிதான், அவர் குரல்தான். மைக் இல்லாமல் பேசினாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

நான் பாட்டிலை எடுத்து நீட்டினேன். சம்பந்தியம்மா மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"யாரு தொட்டு வைக்கிறது?" என்று கேட்டாள் என் மனைவி. என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"இதுல கேக்கறதுக்கு இன்னா இருக்குது?" என்றார் சம்பந்தியம்மா. "உங்க அண்ணன்தான். பொம்பளப் புள்ள, நாலு பேரு எதிர்ல வாயத் தொறந்து பேசினாத்தான் பொழைக்கும். சம்பந்தி தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க தங்கமான மனுஷன். ஆனா நீங்க வச்சா புள்ள பசிக்குதுன்னு கூட கேக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மகள் மட்டும் கட்டிலில் படுத்தபடி, "அப்பாவும் ஒரு சொட்டு வைக்கட்டுமே" என்றாள். அதைக் கேட்டது நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். மச்சான் அதற்குள் விரலைப் பாட்டிலில் விட்டிருந்தார்.

"இந்தத் தாத்தன் குரலு வரணும், தெரிதா? மைக்கே வேணாம். செட்டு எடுத்துக்கினு போற செலவு மிச்சம்!" என்று சொல்லிப் பிள்ளையின் நாக்கில் தடவினார்.

பிள்ளை முகத்தைச் சுளித்தது. சம்பந்தியம்மா தன் நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்து, "இன்னா தேன் இது, கசக்குது? வெல்லம் கரைச்சிருந்தாக் கூட இனிச்சிருக்கும்" என்றார்.

அந்த நேரம் நர்ஸ் உள்ளே வந்துவிட்டார். பிள்ளையின் உதட்டையும் பாட்டிலையும் பார்த்தார். பாட்டில் அப்போது மறுபடி என் கைக்கு வந்திருந்தது.

"யாரு தேன் குடுத்தது? எத்தன தடவ சொல்றது, தாய்ப்பால் தவிர ஒண்ணும் குடுக்காதீங்கன்னு? புள்ளைக்கு ஏதாவது ஆனா யாரு பதில் சொல்றது? பெரிய மனுஷன்தான நீங்க?"

நர்ஸ் சொன்னது ஒவ்வொரு சொல்லும் சரி. மச்சான் போன் வந்ததுபோலக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். சம்பந்தியம்மாவும் மனைவியும் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனார்கள். கட்டில் கம்பி ஓரமாக நான் மட்டும் நின்றேன். நர்ஸ் என்னை வராந்தாவுக்கு வரச்சொல்லி இன்னும் கொஞ்சம் திட்டினார். பாலைச் சரியாகக் குடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொன்னார். பிறகு குரல் தணிந்து, ஒரு சீட்டைக் கொடுத்தார்.

"நாளைக்குக் காலையில புள்ளைக்குக் காது டெஸ்ட். முடிச்சிட்டுத்தான் போகணும். எதாவது காரணத்தால முடியலன்னா, ஒரு மாசத்துக்குள்ள இந்தச் சீட்டோட வாங்க. மறந்துடாதீங்க."

சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் சம்பந்தியம்மா கோபம் தணியாமல் வந்தார். "நேத்து வந்த பொண்ணு, நம்மளப் போயி திட்டறா. தாயும் புள்ளயும் நல்லாத்தான் இருக்குது. எழுதிக் குடுத்துட்டு ஜல்தியா கூட்டிக்கினு போலாம், இவங்ககிட்ட இன்னொரு நாள் பேஜாரு பட முடியாது" என்றார். மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டான். ஆட்டோ வந்தது. சீட்டு என் பையில் இருந்தது. காது டெஸ்ட் என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அதைச் சொன்னால், யார் சொன்னார்கள், அந்த நர்ஸா, என்று மறுபடி தேனில் வந்து நிற்கும். இந்தக் கோபம் ஆறட்டும், பிறகு சொல்லலாம் என்று இருந்தேன்.

பிரசவம் முடிந்து மூன்று மாதம் மகளும் பிள்ளையும் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். பால் நன்றாகக் குடித்தது. தேனால் ஒன்றும் ஆகவில்லை. முதல் பத்து நாள் நான் பயந்து பயந்து அதன் கையைத் தூக்கித் தூக்கி விட்டுப் பார்த்தது யாருக்கும் தெரியாது. அந்தப் பயம் போனதும், இனி ஒன்றும் இல்லை என்ற நிம்மதியில் மற்றதும் போய்விட்டது. சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தேன். ஒரு மாதம் தாண்டியதும், இப்போது சொன்னால் ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று ஆனது. பயிற்சிச் சான்றிதழ் வைத்திருக்கிற பிளாஸ்டிக் உறையில் சீட்டைப் போட்டு வைத்தேன்.

ஆடி மாதம் எங்கள் ஊரில் கூழ் ஊற்றுகிற திருவிழா. அதற்கு மகள் பிள்ளையோடு வந்திருந்தாள், சம்பந்தியம்மாவும் வந்திருந்தார். மச்சானின் ஸ்பீக்கர் பெட்டிகள் கோயிலைச் சுற்றி அடுக்கியிருந்தன. ஒன்று எங்கள் வாசலுக்கு நேர் எதிரே. பம்பைச் சத்தமும் பாட்டும் சேர்ந்து பாத்திரமெல்லாம் அதிர்ந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் வீறிட்டு அழுதன. என் பேத்தி தூளியில் அசையாமல் தூங்கினாள்.

மச்சானுக்குப் பெருமை தாங்கவில்லை. மைக்கைப் பிடித்தபடியே வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். "பாரு, பாரு! மைக் செட்டுக்காரன் சேனை வச்ச புள்ள, சத்தத்துக்கு அசையுதா பாரு! இதாண்டா குணம்!" அவர் சொன்னது ஸ்பீக்கரில் ஊருக்கே கேட்டது. சம்பந்தியம்மா பிள்ளைக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டார். அன்று அந்த வீட்டில் இருந்த அத்தனை பேரும் சந்தோஷப்பட்டோம். நானும்.

பேத்திக்கு ஒரு வயது தாண்டி இரண்டு மாதம் இருக்கும். மகள் வந்திருந்தபோது பிள்ளையைத் தோப்புக்குத் தூக்கிப் போனேன். பெட்டிகளுக்குச் சற்றுத் தள்ளி, மோட்டார் கொட்டகை நிழலில் ஒரு பழைய மரப்பலகையின் மேல் உட்கார வைத்திருந்தேன். உதிர்ந்த மாங்காய் ஒன்றை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். பெட்டி ஒன்றைப் பார்த்துவிட்டு, மூடுவதற்காக மேல்மூடியைத் தூக்கினேன். தகரம் அடித்த மூடி. கை தவறிக் கல்லின் மேல் விழுந்தது. தோப்பே அதிர்கிற மாதிரி சத்தம். மரத்திலிருந்து காக்கைகள் கிளம்பின. பிள்ளை எனக்கு முதுகைக் காட்டியபடி மாங்காயை உருட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு மூடியை எடுத்து, அவளுக்குப் பின்னால் போய், அடை அறுக்கிற கத்தியால் தட்டினேன். திரும்பவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. அவள் உட்கார்ந்திருந்த பலகையின் ஓரத்தில் காலால் ஒரு தட்டு தட்டினேன். உடனே திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

தேனீக்களுக்கு நம்மைப் போலக் காது கிடையாது என்று பயிற்சியில் சொன்னார்கள். அடையில் ஏற்படுகிற அதிர்வைக் காலால் அறிந்துகொள்ளும். பூ எங்கே இருக்கிறது என்று ஒரு தேனீ இருட்டில் ஆடிக் காட்டினால், மற்றவை அதை ஒட்டி நடந்தே தெரிந்துகொள்ளும். அவளைத் தூக்கி வந்து, சாதுவான ஒரு பெட்டியின் பக்கப் பலகையில் அவள் உள்ளங்கையை வைத்தேன். அவள் கண் பெரிதாகியது. கையை எடுக்கவே விடவில்லை. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இதில் மாற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அன்றே எனக்குத் தெரியும்.

அன்று மாலை மனைவியிடம் மட்டும் சொன்னேன்.

"வாயக் கழுவு" என்றாள். "எங்க அண்ணன் கையால சேனை வச்ச புள்ள, செவிடா போவுமா? சில புள்ளைங்க லேட்டாத்தான் பேசும்."

"பேச்சு இல்ல. காது கேக்கல. நான் தட்டிப் பாத்தேன்."

"நீ இன்னா டாக்டரா? அஞ்சாவது படிச்சிட்டு வந்துட்டாரு சொல்ல. இதப் போயி சம்பந்தி வூட்ல சொல்லிக்கினு இருக்காத. புள்ளைக்கு ஒண்ணுன்னா உன் தேனத்தான் சொல்லுவாங்க. நம்ம பொண்ணு அங்க வாழணும். கம்முனு இருய்யா."

கம்மென்று இருப்பது எனக்குத் தெரிந்த வேலை. என்னைப் பேசச் சொல்லி இருந்தால்தான் கஷ்டம். மனைவி மேல் பழி போட்டு எழுதவில்லை. அவள் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. சொல்லப் போனால் சீட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டி வரும். இன்னும் ஒன்றேகால் வருஷம் அப்படியே போனது. ஒவ்வொரு தடவை பிள்ளையைப் பார்க்கும்போதும் பலகையைத் தட்டிப் பார்ப்பேன். திரும்புவாள். கூப்பிட்டுப் பார்ப்பேன். திரும்ப மாட்டாள்.

கடைசியில் சொன்னது விழுப்புரத்துப் பால்வாடி டீச்சர். சேர்த்த முதல் வாரத்திலேயே மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, பிள்ளைக்குக் காது கேட்கிற மாதிரித் தெரியவில்லை, உடனே காட்டுங்கள் என்று சொல்லிவிட்டார். எங்களையும் மச்சானையும் வரச் சொன்னார்கள். விழுப்புரம் வீட்டில் எல்லோரும் கூடினோம்.

சம்பந்தியம்மா அழுதுகொண்டே ஆரம்பித்தார். "அன்னிக்கே கசந்துச்சு அந்தத் தேனு. கொண்டாந்து குடுத்தவரு வாயே தொறக்க மாட்டாரு, அவரு குடுத்த தேனுக்கு எங்கேர்ந்து பேச்சு வரும்?"

"தொட்டு வச்சது உங்க மாமாதான?" என்றான் மாப்பிள்ளை மெதுவாக, என் மகளைப் பார்த்து.

மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் தொட்டு வச்சேன், இல்லன்னு சொல்லல. ஆனா சரக்கு யாருது? ஆம்ப்ளிஃபயர் எவ்ளோ பெருசா இருந்தா இன்னா, வர்ற கரண்டு சரியில்லன்னா பாடுமா? மாப்ள, வருத்தப்படாத, பொதுவா சொல்றேன்."

மாப்ள என்றது என்னைத்தான். பொதுவாகத்தான் சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். விரலைக் கேட்டபோது என் விரல் ஆகாது. குறை என்று வந்தபோது மட்டும் தேன் என்னுடையது. மகள் மட்டும், "இதுக்கும் அப்பாவுக்கும் என்னா சம்பந்தம்? கம்முனு இருங்க எல்லாரும்" என்று சத்தம் போட்டாள். எனக்காக அவள் பேசியது அதுதான் கடைசி.

மறுவாரம் காது டாக்டரிடம் போனோம். பிள்ளையைத் தூங்க வைத்து, தலையில் ஒயர் ஒட்டி டெஸ்ட் எடுத்தார்கள். இரண்டு காதும் பிறவியிலேயே கேட்கவில்லை என்றார் டாக்டர் அம்மா. சேனை, தேன் என்று சம்பந்தியம்மா இழுத்தார். "தேன் குடுத்தது தப்பு. வேற ஆபத்து வந்திருக்கலாம். ஆனா காது கேக்காததுக்கும் தேனுக்கும் சம்பந்தமே இல்ல" என்றார். எனக்கு மூச்சு வந்தது. இரண்டு நொடி வந்தது.

"பொறந்தப்போ காது டெஸ்ட் பண்ணலையா? பண்ணியிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். ஒரு வயசுலயே ஆபரேஷனுக்கு வழி பண்ணியிருக்கலாம். பேச்சு வர்ற வயசு சும்மா போயிடுச்சேம்மா. யாருமே சொல்லலியா உங்களுக்கு?"

"ஒருத்தரும் சொல்லலீங்க மேடம்" என்றாள் மகள். "சொல்லியிருந்தா தூக்கிக்கினு ஓடியாந்திருக்க மாட்டேனா?"

அந்த அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளை மேஜையின் மேல் உள்ளங்கையை வைத்து அதன் அதிர்வைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"சொன்னாங்கம்மா. சீட்டு குடுத்தாங்க. என் கையிலதான் குடுத்தாங்க."

மகள் என் பக்கம் திரும்பினாள். "எப்பப்பா?"

"பொறந்த மூணாம் நாளு. நர்ஸு."

"என்கிட்ட ஏம்பா சொல்லல?"

இன்றுவரை அதற்கு என்னிடம் பதில் இல்லை. மேலே எழுதியிருப்பதெல்லாம் காரணம். பதில் வேறு. தோப்பில் மூடி விழுந்த அன்றே எனக்குத் தெரியும் என்பதையும் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லவில்லை. சாயந்திரம் மனைவி அழுதுகொண்டே அதையும் அவளிடம் சொல்லிவிட்டாள்.

நாங்கள் வளர்க்கிற தேனீக்கு ஒரு குணம் உண்டு. பெட்டி பிடிக்காமல் போனால், அடையில் மெழுகு தின்கிற புழு விழுந்துவிட்டால், அது கொட்டாது, சண்டை போடாது. ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் பெட்டி காலியாக இருக்கும். ராணி, வேலைக்காரத் தேனீ எல்லாம் சேர்ந்து போயிருக்கும். அடை அப்படியே தொங்கும். முதல் தடவை பார்த்தபோது, கொட்டியிருந்தாலாவது தெரிந்திருக்குமே என்று நினைத்தேன். என் மகளும் என்னிடம் சண்டை போடவில்லை. வருவதை நிறுத்திக்கொண்டாள். போனில் அம்மாவிடம் பேசுவாள். நான் எடுத்தால், "அம்மா கிட்ட குடுங்க" என்பாள். முன்பெல்லாம் குடு என்பாள், குடுங்க என்று சொல்லத் தொடங்கினாள். தேன் அனுப்பினால் மூடி திறக்காமல் மாப்பிள்ளை கையில் திரும்பி வரும்.

பேத்திக்குச் சென்னையில் அரசாங்கச் செலவில் ஆபரேஷன் ஆனது. காதுக்குப் பின்னால் ஒரு மெஷின். பேச்சுப் பயிற்சிக்கு மகள் வாரத்தில் மூன்று நாள் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு அலைந்தாள். இரண்டு வருஷம். பிள்ளைக்கு ஒவ்வொரு சொல்லாக வந்தது. கரகரப்பாக, உரக்க வரும். தன் குரலின் அளவு அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. மச்சான் போகிற இடமெல்லாம் சொல்கிறார்: "லேட்டா வந்தாலும் வந்துச்சு பாரு நம்ம குரலு. சேனை வீணாப் போவாது." கேட்பவர்கள் தலையாட்டுகிறார்கள். பஸ்ஸில் அலைந்தவளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மாப்பிள்ளை எப்போதாவது பேத்தியைத் தோப்புக்குக் கூட்டி வருவான். ஒரு தடவை அவளைக் குனிய வைத்துப் பெட்டியில் காதை வைத்துக் கேட்கச் சொன்னேன். அந்த இரைச்சலைக் கேட்டதும் பயந்துபோய் மெஷினைப் பிடுங்கி எடுத்துவிட்டாள். பிறகு பழையபடி உள்ளங்கையைப் பலகையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

இந்தப் பங்குனியில் மகளுக்கு இரண்டாவது பிரசவம். அதே ஆஸ்பத்திரி. ஆண் குழந்தை. தேன் கொண்டுவரக் கூடாது, யாரும் விரல் வைக்கக் கூடாது என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். மச்சானை வார்டுக்குள்ளேயே விடவில்லை. நான் மனைவியின் பின்னால் போய்க் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். மகள் என்னைப் பார்த்தாள். பிறகு பிள்ளையைப் பார்த்தாள்.

பேத்தி ஓடி வந்து என் சட்டையை இழுத்தாள். வார்டு முழுக்கக் கேட்கிற குரலில், "தாத்தா, தேனு?" என்றாள்.

இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். இல்லை என்று.

அப்போது நர்ஸ் ஒருவர் கையில் ஒரு சீட்டோடு வந்தார். பழைய நர்ஸ் இல்லை. "நாளைக்குக் காலையில பாப்பாவுக்குக் காது டெஸ்ட்" என்று சொல்லிக்கொண்டே, கட்டிலுக்கு இந்தப் பக்கம் கையை விரித்தபடி நின்ற என்னிடம் சீட்டை நீட்டினார்.

மகளுக்கு ஆபரேஷன் செய்து எடுத்த குழந்தை. தையல் பிரிக்கவில்லை. எழுந்து உட்காரக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஒரு கையை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து, இன்னொரு கையை நீட்டினாள்.

"அவர்கிட்ட வேணாம் சிஸ்டர். என்கிட்ட குடுங்க."

வாங்கி, தலையணைக்குக் கீழே வைத்து, அதன் மேலேயே படுத்துக்கொண்டாள்.